பாயின் வலது கால்

மணப்பாறை பைபாஸில் கார் பழுது பார்க்கும் மேரி மாஸ்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவருடைய ஷெட்டுக்கு வந்து போகும் வண்டிகள்கூட அவரைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசும் என்று ஊரில் கேலி உண்டு.

அவருக்கு ஒரு சீடர். பெயர் அங்குச்சாமி. மாஸ்டரைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மீசை வேறு பெரிது. முன்பு போர்வெல் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் துளை போட்டுக்கொண்டிருந்தவர். அந்த வேலை விட்டுப்போனாலும் புத்தி விட்டுப்போகவில்லை. எந்தக் கோளாறும் ஆழத்தில்தான் இருக்கும் என்று மனப்பூர்வமாக நம்பினார். ஹார்ன் அடிக்கவில்லை என்று வண்டி வந்தால் முன்பக்கத்தைப் பாதி கழற்றி வைத்துவிட்டு, அப்புறம்தான் ஃப்யூஸைப் பார்ப்பார்.

வயதில் மூத்தவர் என்பதால் மாஸ்டர் அவரை ‘அண்ணே’ என்பார். வேலையில் மூத்தவர் என்பதால் அவர் மாஸ்டரை ‘மாஸ்டர்’ என்பார். மரியாதை இரண்டு பக்கமும் குறைவில்லாமல் இருந்தது. பயம் மட்டும் ஒரு பக்கம் இருந்தது.

மாஸ்டர் திட்டமாட்டார். அங்குச்சாமி தப்பான போல்ட்டில் கை வைத்தால் ‘ம்க்கும்’ என்று ஒரு செருமல் வரும், அவ்வளவுதான். அந்தப் பெரிய கை அப்படியே நின்றுவிடும். போர்வெல் குழாயைத் தனி ஆளாகத் தோளில் தூக்கியவர், ஒரு செருமலுக்கு ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வையம்பட்டியில் மச்சினன் இடம் சும்மா கிடந்தது. அங்கே தன் பெயரில் ஒரு ஷெட் போட வேண்டும். மாஸ்டர் வாயால் ‘போடுங்க’ என்று ஒரு வார்த்தை வர வேண்டும். ஆயுத பூஜை அன்று, எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்துக் கேட்டேவிட்டார்.

“மாஸ்டர், நான் எப்ப தனியா வண்டி பாக்கலாம்?”

“பாப்போம்,” என்றார் மாஸ்டர்.

அந்த வாரமே வண்டி வந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரர் பாத்திரக்கடை திருஞானம். புதுக் கார். ஒரு பட்டனை அழுத்தினால் வேகத்தைத் தானே பிடித்துக்கொண்டு ஓடும். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்க வேண்டியதில்லை. பிரேக்கை லேசாகத் தொட்டால் விட்டுவிடும். க்ரூஸ் கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். அந்த ஒரு வசதிக்காகவே இந்த மாடலை எடுத்ததாகத் திருஞானம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். குத்துவிளக்கு வாங்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

“எம்பதுல போட்டா செத்த நேரம் ஓடுது. அப்புறம் தானாக் கழட்டிக்குது,” என்றார் திருஞானம். “பையன் என்ன சொல்றான்னா, வண்டிக்கு ஒண்ணுமில்லையாம். பாய்க்கு வயசாயிடுச்சாம். வேற டிரைவர் போடுங்கறான்.”

பாய் என்பது டிரைவர் காஜா மைதீன். திருஞானத்திடம் அம்பாசிடர் இருந்த காலத்திலிருந்து ஓட்டுகிறவர். பானெட்டைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பையன் சொன்னது காதில் விழுந்ததும் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மேரி மாஸ்டர் அங்குச்சாமி பக்கம் திரும்பினார்.

“அண்ணே, இது உங்க வண்டி. நான் வாயைத் தொறக்க மாட்டேன். நீங்களே கண்டுபுடிச்சிட்டா வையம்பட்டியில ஷெட் போடுங்க. தேங்கா ஒடைக்க நானே வர்றேன்.”

இவ்வளவு நீளமாக மாஸ்டர் பேசி அங்குச்சாமி கேட்டதே இல்லை.

“ஒண்ணே ஒண்ணு,” என்றார் மாஸ்டர். “பழுது பாத்த வண்டிய ஓட்டிப் பாக்காம வெளிய விடாதீங்க.”

அங்குச்சாமி ஸ்கேனரைப் பொருத்தினார். அது சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டது. க்ரூஸ் ஒவ்வொரு தடவை விட்டதற்கும் ஒரே காரணம்தான். பிரேக் மிதிபட்டிருக்கிறது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இத்தனை பாடு? மாஸ்டர் ஷெட் மூலையில் மெஸ்ஸிலிருந்து வந்த வெண்பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்குச்சாமி எதிரே போய் நின்றார். பாதி ஷெட் போட்டுவிட்ட சந்தோஷம் முகத்தில்.

“மாஸ்டர், வண்டியில ஒண்ணுமில்ல. யாரோ பிரேக்கத் தொடறாங்க. பாய் காலுதான்னு நெனைக்கிறேன்.”

“ம்க்கும்.”

அங்குச்சாமியின் சிரிப்பு அங்கேயே நின்றது.

“இல்ல, பாய் கால் இல்ல,” என்றார் அவசரமாக. “அது எப்படி பாய் காலா இருக்கும்? இன்னும் ஆழமாப் பாக்கறேன் மாஸ்டர்.”

மாஸ்டர் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு பாயின் காலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார் அங்குச்சாமி. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கால் பட்டதை வண்டிக்குச் சொல்வது அதுதான். அது பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி, திருச்சியிலிருந்து புதிது வரவழைத்துப் போட்டார். ஓட்டிப் பார்த்தார். வையம்பட்டி வரை போய்த் திரும்பும்வரை க்ரூஸ் விடவே இல்லை. பாயை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் ஷெட் வாசலிலேயே காத்திருந்தார். பாயும் போய்விட்டு வந்து, “தங்கமா ஓடுதுண்ணே,” என்றார்.

மறுநாள் திருஞானம் ஏறிக்கொண்டு திண்டுக்கல் போனார். மத்தியானம் திரும்பி வந்து ஷெட் வாசலில் இறங்கும்போதே, “போச்சுய்யா,” என்றார்.

இன்னும் ஆழமாக இறங்கினார் அங்குச்சாமி. ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பட்டன்களைச் சுத்தம் செய்தார். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டு ஒயர் ஒயராகத் தடவினார். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் ஒரு முனகலும்தான். ஓட்டிப் பார்த்தால் சரியாக இருந்தது. பாய் ஓட்டினாலும் சரியாக இருந்தது. திருஞானம் ஏறினால் போய்விட்டது.

இந்த விஷயம் அங்குச்சாமியின் மூளையில் பட்டது. பட்டதும் அதுவும் ஆழத்துக்கே போனது. முதலாளி ஏறினால் டிக்கியும் நிறையும் அல்லவா? ஊருக்குப் போகும்போதெல்லாம் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் சாம்பிளுக்கு ஏற்றிக்கொண்டு போவார்.

“பித்தளை சிக்னல இழுக்குது மொதலாளி,” என்றார்.

“பித்தளையா?” என்றார் திருஞானம். மூன்று தலைமுறையாகப் பித்தளை விற்கும் குடும்பம். பித்தளை மேல் இப்படி ஒரு பழியை அவர் கேட்டதில்லை.

ஆனாலும் குடங்களை இறக்கிவைத்துவிட்டுப் போனார். கையில் போட்டிருந்த செப்புக் காப்பையும் கழற்றச் சொன்னதால் கழற்றினார். அன்றும் போச்சு. திரும்பி வந்தவர், “இப்ப என் பல்லையும் கழட்டணுமா?” என்று கேட்டுவிட்டு, காப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் காஜா மைதீன் அங்குச்சாமியின் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணே, வண்டியிலதான் கோளாறுன்னு சொல்லிருங்க. எதுன்னாலும் பரவால்ல. ஒரு பேரு மட்டும் சொல்லுங்க, நான் வீட்டுல போய்ச் சொல்லிக்கிறேன். இந்த வயசுல வேற யாருக்குண்ணே நான் ஓட்டுவேன்?”

தன் ஷெட் போகட்டும், இந்த மனிதர் பிழைப்பும் இந்த வண்டியில் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அங்குச்சாமிக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. நேரே மாஸ்டரிடம் போனார்.

“மாஸ்டர், தோத்துட்டேன். தோண்டாத எடம் இல்ல. நான் எதை விட்டுட்டேன்?”

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று சொன்னவர். ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குள் போனார். விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கும் வெள்ளைப் போர்வையோடு வெளியே வந்தார். திருஞானத்தின் காரில் முன் இருக்கையைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அதைச் சுருக்கம் இல்லாமல் விரித்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அங்குச்சாமி போர்வையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பிறகு அவருக்கு உறைத்தது. கோளாறு வரும் நேரத்தில் அவர் ஒருநாளும் வண்டிக்குள் இருந்ததில்லை. ‘உன் கிரீஸ் என் வேட்டியில படும், நான் வர்றப்ப நீ ஏறாத’ என்று திருஞானம் முதல் நாளே சொன்னதால், முதலாளியும் பாயும் அவரும் சேர்ந்து வண்டியில் போனதே கிடையாது. இத்தனை நாளும் ஓட்டிப் பார்த்தது வேறு ஏதோ ஒரு வண்டியை.

முழங்கை வரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்பு போட்டுக் குளித்து, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து அந்தப் போர்வைமேல் உட்கார்ந்தார். திருஞானம் பின்னால் ஏறினார். பாய் வண்டியை எடுத்தார்.

பைபாஸ் ஏறியதும் பாய் பட்டனை அழுத்தினார். எண்பது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது.

அங்குச்சாமி ரோட்டைப் பார்க்கவில்லை. பாயின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் அதுபாட்டுக்குச் சும்மா இருந்தது.

தூரத்தில் ஒரு ஆடு, ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது.

பின் சீட்டில், “ஸ்ஸ்,” என்றது ஒரு சத்தம். மிளகாயைக் கடித்தால் வருமே, அந்த அளவுக்குத்தான்.

பாயின் கால் பிரேக்கை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தது. பூவைத் தொடுகிற மாதிரிதான் தொட்டது. வேகம் குறைந்ததாகக்கூடத் தெரியவில்லை. பச்சை விளக்கு அணைந்துவிட்டது.

“பாத்தியா! போச்சா!” என்றார் திருஞானம். குரலில் வெற்றி. ஆடு கடக்கவே இல்லை.

பாய் மறுபடி பட்டனை அழுத்தினார். ஒரு லாரி இந்தப் பக்கம் ஒதுங்கியது. “ஸ்ஸ்.” கால் போனது, வந்தது. விளக்கு அணைந்தது. “ரெண்டாவது தடவ!” என்றார் திருஞானம்.

‘பாய் கால்’ என்று சொல்லிவிட்டால் ஷெட் தன் கைக்கு வரும், பாய் வீட்டுக்குப் போவார். அதை எப்படிச் சொல்வது என்றுதான் அங்குச்சாமி திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். ஆழத்தைத் தவிர வேறு ஏதோ ஒரு பக்கமாக அவர் யோசித்தது அதுதான் முதல் தடவை.

ஷெட்டுக்கு வந்ததும் வண்டியைப் பின்புறமாக, சுவரை ஒட்டி நிறுத்தச் சொன்னார். எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

“பாய், நீங்க எறங்க வேணாம். சும்மா உக்காந்திருங்க. மொதலாளி, நீங்க பின்னால திரும்பி அந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு ஒரு கதை சொல்லணும்.”

“என்னய்யா கதை?”

“வடமதுரைகிட்ட ஒரு லாரி ஏறி வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது.”

அதைச் சொல்லத் திருஞானத்துக்குக் கசக்குமா? திரும்பி உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். அவர் வண்டி ஒழுங்காக வந்தது, லாரிக்காரன் குடித்திருந்தது, இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பஸ். “கரும்பு லோடுய்யா. அப்படியே சாஞ்சுக்கிட்டு நம்ம மேல வர்றான், வர்றான், இந்தா வந்துட்டான்... ஸ்ஸ்!”

சுவர் சிவந்தது.

திருஞானத்தின் கதை நின்றது. பின்னாலிருந்த பிரேக் விளக்கு அணைந்து, சுவர் பழையபடி வெள்ளையானது.

“யாரு மிதிச்சா?” என்றார்.

“நான் மிதிக்கலையே,” என்றார் பாய்.

“மேல சொல்லுங்க மொதலாளி,” என்றார் அங்குச்சாமி.

“மேல என்ன, ஒரு முழம்தான் எடம். நான் கண்ண மூடிட்டேன். ஸ்ஸ்...”

சுவர் மறுபடி சிவந்தது. பாய் குனிந்தார். பிரேக்கின் மேல் ஒரு கால் இருந்தது. அவருடைய கால்தான், செருப்பும் அவருடையதுதான். யாரோ கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போன மாதிரி அதைப் பார்த்தார்.

“நீங்க சத்தம் கொடுக்கறீங்க, பாய் மிதிக்கறாரு,” என்றார் அங்குச்சாமி.

“நான் எங்கய்யா சத்தம் கொடுத்தேன்?” என்று திருஞானம் எகிறினார்.

பாய் முதலாளிக்காகப் பரிந்து பேசினார். “ஆமாண்ணே. மொதலாளி சத்தமே கொடுக்கல. நானும் மிதிக்கல.”

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் அங்குச்சாமிக்கு ஆச்சரியமாக இருந்தது.

திருஞானம் சுவரைப் பார்த்தார். பாயின் பின்னந்தலையைப் பார்த்தார். வேண்டுமென்றே, மெதுவாக, “ஸ்” என்றார். சுவர் சிவந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும்வரை சிரித்தார். பாயும் சிரித்தார், ஆனால் பயந்துகொண்டே சிரித்தார்.

“அப்ப அம்பாசிடர்லேருந்து நான்தான் பின்னாலருந்து பிரேக் போட்டுக்கிட்டு வர்றேனா?” என்றார் திருஞானம்.

“நான் எதுக்கு மொதலாளி மிதிச்சேன்?” என்றார் பாய். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

திருஞானத்தின் சிரிப்பு அடங்கியது. “வேற யாரு பாய் எனக்காக மிதிப்பா?” என்றார். பிறகு, “பையன்கிட்ட என்ன சொல்றது?” என்று அங்குச்சாமியைக் கேட்டார்.

“கோளாறு இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லுங்க.”

“எங்கய்யா சரி பண்ண?”

அங்குச்சாமி எதிர்க்கடைக்குப் போய் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிவந்தார். ஊர் முறுக்கு, கடித்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஒன்றை எடுத்துத் திருஞானத்தின் வாயில் கொடுத்தார்.

“இப்ப ஸ்ஸுங்க.”

திருஞானம் முயன்றார். முறுக்குத்தான் நொறுங்கியது. சுவர் வெள்ளையாகவே இருந்தது.

“ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வாய்க்கு ஓய்வு கொடுக்காதீங்க,” என்றார் அங்குச்சாமி.

பொட்டலத்தோடு அவர்கள் கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் திண்டுக்கல்லிலிருந்து போன் வந்தது. திருஞானம் என்ன சொன்னார் என்பது பாதிதான் புரிந்தது, வாய் நிறைய முறுக்கு. வழி நெடுக விடவே இல்லையாம். பாய் பக்கத்திலிருந்து, “அல்ஹம்துலில்லாஹ்ணே!” என்று கத்தியது நன்றாகவே கேட்டது.

அங்குச்சாமி போனைச் சட்டைப் பையில் போட்டார். முன் சீட்டிலிருந்து எடுத்த வெள்ளைப் போர்வையை மடித்துக்கொண்டு மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது மாஸ்டர்.”

மாஸ்டர் தலையாட்டினார்.

அங்குச்சாமி போகவில்லை. ஏதோ ஒன்று மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

“மாஸ்டர், மொத நாளே பாய் கால்னு சொன்னேனே. நீங்கதானே செருமினீங்க?”

மாஸ்டர் நிமிர்ந்தார்.

“பொங்கல்ல மிளகு, அண்ணே. தொண்டையில மாட்டிக்கிச்சு.”

அங்குச்சாமி போர்வையைப் பிடித்தபடியே நின்றார். புது சுவிட்ச், கழற்றிய ஸ்டீயரிங், இறக்கிவைத்த குத்துவிளக்கு, செப்புக் காப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து போயின. அத்தனைக்கும் ஒரு மிளகா?

“அப்ப சரியாச் சொன்னத நான் எதுக்கு விட்டேன்?” என்றார்.

மாஸ்டர் சக்கரத்தை உருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

அங்குச்சாமி தொண்டையைச் சரி செய்துகொண்டார். மீசையையும் ஒரு தடவை தடவிக்கொண்டார்.

“தை மாசம் வையம்பட்டியில ஷெட் போடப்போறேன் மாஸ்டர்.”

“ம்க்கும்.”

அங்குச்சாமியின் வாய் மூடிக்கொண்டது. சரி, தை வேண்டாம், பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அடுத்த ஆயுத பூஜைக்கு என்று சொல்ல நாக்கு எழுந்தது. அப்போதுதான் மாஸ்டரின் கையைப் பார்த்தார். கையில் பொங்கல் தட்டு இல்லை. மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அவர் துணியில் விரல் விரலாகத் துடைத்தபடி, அவசரமே இல்லாமல் காத்துக்கொண்டிருந்தார்.

“பழுது பாத்த வண்டிய ஓட்டிப் பாக்காம வெளிய விடறதில்லண்ணே,” என்றார் மேரி மாஸ்டர். “இன்னொரு தடவ சொல்லுங்க.”